கண்டியின் சமஷ்டிக் கோரிக்கையும் தனிமனிதர் உரிமையும்

கண்டி மாநகரின் அரச மண்டபமாகிய மகுல் மடுவையில் 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆந் தேதி பிரித்தானியத் தேசாதிபதிக்கும் கண்டிப் பிரதானிகளுக்குமிடையே நிறைவேறிய உடன்படிக்கை பன்னிரண்டு பிரிவுகளைக் கொண்டது. அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பதவியிழந்தமையும், புத்த சமயம் காக்கப்படுமென உறுதி கூறப்பட்டமையும் பள்ளிச் சிறாரும் அறிந்த செய்திகளாம். ஏனைய பிரிவுகளைப் படிப்போர் சிலரே. அவற்றையும் படிப்போமாயின், ஓர் அரசியலமைப்பில் எழக்கூடிய வினாக்களுட் பெரும்பாலானவை அச்சிறிய பத்திரத்தினுள்ளேயே அடங்கிக் கிடத்தல் புலனாகும்.

நான்காம் பிரிவு அதிகார், திசாவை முதலிய பிரதானிகளுக்கு அவரவர் பதவிக்குரிய உரிமையையும் அதிகாரத்தையும் உறுதி செய்தது. அதே பிரிவு எல்லா வகுப்பு மக்களுக்கும் உயிர்க்காப்பும் பொருட்காப்பும் அவர்தம் வழக்கப்படி கிடைக்குமென்றது. ஆறாம் பிரிவு சித்திரவதையையும் உறுப்புக்களைச் சிதைக்குந் தண்டனையையும் ஒழித்தது. ஏழாம் பிரிவின்படி, தேசாதிபதியின் எழுத்தாணையின்றி எவர்க்கும் மரணதண்டனை நிறைவேற்றலாகாது. எனவே, ஒரு நாட்டின் உரிமை, அந்நாட்டுத் தலைவரின் உரிமை, அந்நாட்டில் வாழும் தனியொருவனின் உரிமை ஆகிய மூன்றும் இங்கு ஒரே ஏட்டில் எழுதப்பட்டன. இம்மூன்றும் ஒன்றேயென உடன்படிக்கையை வரைந்தோர் எண்ணினர் போலும். அவை ஒன்றல்ல என்பதற்கு மூன்றாம் பிரிவே சான்றாகும். முன்னரசனின் உறவினர் யாவரும் பகைவரெனப் பிரகடனஞ் செய்யப்பட்டனர். வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆடவர், அதாவது தமிழ் ஆடவர், அனுமதியின்றித் திரும்பி வருதல் இராணுவச் சட்டத்தின் பெயரால் தடுக்கப்பட்டது. கண்டி நாட்டாரின் உரிமையைக் காத்த கையே, அந்நாட்டில் வாழ்ந்த வேறு சிலரின் உரிமையை எடுத்தும் விட்டது.

இவ்வுடன்படிக்கைக்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1787இல், அமெரிக்கப் பிலதெல்பியா நகரிலே இதே சிக்கல் விரிவாக ஆராயப்பட்டது. பிரித்தானியரிடமிருந்து விடுதலை பெற்ற பதின்மூன்று இராச்சியங்களுட் பன்னிரண்டு ஒரு மத்திய அரசை ஏற்படுத்த முனைந்தன. 55 பிரதிநிதிகள் கூடி அரசியலமைப்பொன்றை ஆக்கினர். இறுதியில் 39 பேரே கையொப்பமிட்டனர். மாநாடு முடிவதற்குச் சில நாள்களுக்கு முன், வேர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோர்ஜ் மேசன் மக்களின் உரிமைப் பட்டயம் ஒன்றும் சேர்த்தல் வேண்டுமென வேண்டினார். ஓர் இராச்சியமேனும் அதற்கு வாக்களிக்கவில்லை. அவரும் கையொப்பமிட மறுத்துவிட்டார்.

ஒப்புதலுக்காக இராச்சியங்களின் முன் அவ்வமைப்பு வைக்கப்பட்டபொழுது மேசன் எழுப்பிய குறையே எதிர்ப்பாளரின் கூரிய படைக்கலமாயிற்று. தொலைவிலுள்ள பேரரசு ஒன்று வரி விதிக்கவும் படை வைக்கவும் அதிகாரம் பெறுமாயின், குடியானவனின் வீட்டுக் கதவை அது தட்டும் நாளில் அவனைக் காப்பது யாது என அவர்கள் வினவினர். அலெக்சாண்டர் ஹமில்ற்றனின் விடை நுட்பமானது. மத்திய அரசுக்குக் குறித்துக் கொடுக்கப்பட்ட அதிகாரங்கள் மட்டுமே உள. பத்திரிகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கொடுக்கப்படவேயில்லை. கொடாத அதிகாரத்தைப் பயன்படுத்தலாகாதென எழுதுவது, அவ்வதிகாரம் உண்டென்னும் ஐயத்தைத் தானே விதைக்கும் என்றார் அவர். சட்ட அறிஞர்க்கு இது பொருந்திய வாதமே. ஆயின், அச்சங்கொண்ட குடிமகனுக்கு இத்தகைய வாதங்கள் ஆறுதல் அளிப்பதில்லை. மசாச்சுசெற்ஸ் 187க்கு 168 என்னும் வாக்குகளால் அமைப்பை ஏற்றபொழுது, திருத்தங்களும் வேண்டுமென்ற பரிந்துரையைச் சேர்த்தே ஏற்றது. நியூயோர்க்கில் வேற்றுமை மூன்றே வாக்குகள்.

தொடக்கத்தில் உரிமைப் பட்டயத்தை வெறுங் காகித வேலியெனக் கருதிய ஜேம்ஸ் மடிசனே 1789 யூன் 8ஆந் தேதி பிரதிநிதிகள் சபையில் திருத்தங்களை முன்மொழிந்தார். அவற்றுட் பத்து 1791 திசெம்பர் 15இல் நிறைவெய்தின. இவ்வளவும் பலரறிந்தவை. மடிசன் முன்மொழிந்து தோல்வியுற்ற திருத்தமொன்று உண்டு. அதுவே ஈண்டு முதன்மையானது. மனச்சாட்சியின் சுதந்திரத்தையும், பத்திரிகைச் சுதந்திரத்தையும், யூரர் முன் விசாரணையையும் மத்திய அரசு மட்டுமன்றி எந்த இராச்சியமும் மீறலாகாது என்பது அத்திருத்தம். கொடுமை அயலூரிலிருந்து மட்டுமன்று, தன்னூர்ப் பெரும்பான்மையிடமிருந்தும் வரும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். பிரதிநிதிகள் சபை அதனை ஏற்றது. இராச்சியங்களின் குரலாகிய செனற் சபை நீக்கிற்று.

நீக்கியதன் விளைவு 1833இல் வெளிப்பட்டது. பல்ற்றிமோர் நகரசபையின் வேலைகளால் மண் படிந்து தன் துறைமேடை பயனிழந்ததென பரன் என்பவர் நட்டஈடு கோரினார். உரிமைப் பட்டயம் மத்திய அரசையே கட்டுப்படுத்தும், இராச்சியங்களையும் அவற்றின் நகரங்களையும் அன்று எனப் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் தீர்ப்பளித்தார். பரன் இழந்தது ஒரு துறைமேடை. அதே விதியின் நிழலிலே தென்னிராச்சியங்களில் அடிமைகளாயிருந்தோர் இழந்தவற்றுக்குக் கணக்கில்லை. இராச்சிய உரிமை என்னும் அழகிய சொல் அங்கு அடிமை முறைக்கு அரணாயிற்று. உள்நாட்டுப் போருக்குப் பின்னர், 1868இல் நிறைவேறிய பதினான்காந் திருத்தமே இராச்சியங்களையும் தனிமனிதர் உரிமைக்குக் கட்டுப்படச் செய்யும் வழியைத் திறந்தது.

அதே 1833ஆம் ஆண்டிலேதான் கோல்புறூக் ஆணையாளரின் பரிந்துரைப்படி இலங்கை முழுவதும் ஒரே நிருவாகத்தின் கீழ் வந்து, ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. பழைய கண்டி இராச்சியம் துண்டாடப்பட்டுப் பல மாகாணங்களிற் பங்கிடப்பட்டது. அதற்கு முன்னரே, ஊவாக் கிளர்ச்சியை அடக்கியபின், 1818 நவம்பர் 21ஆந் தேதிப் பிரகடனம் பிரதானிகளின் அதிகாரத்தைப் பெரிதுங் குறைத்திருந்தது. உடன்படிக்கையிலே எஞ்சியது யாது? இவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டின் பின் நீதிமன்றமே விடை கூற நேர்ந்தது.

கம்பளையிலுள்ள வல்லகொடை தேவாலயத்தின் பெரஹரா வாத்தியங்களுடன் வீதிவலம் வருவது பழைய வழக்கம். அவ்வீதியில் ஒரு பள்ளிவாசலும் எழுந்தது. 1912இல் அரசாங்க அதிபர், பள்ளிவாசலின் இருபுறத்தும் குறித்த தூரத்திற்கு வாத்தியங்களை நிறுத்துதல் வேண்டுமென நிபந்தனை விதித்தார். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே அதற்கு உடன்படாது, 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவை ஆதாரமாகக் கொண்டு வழக்குத் தொடுத்தார். கண்டி மாவட்ட நீதிபதியும் வரலாற்றறிஞருமாகிய போல் பீரிஸ் 1914இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தார். உடன்படிக்கை ஒரு தலையாய சட்டம் என்பது அத்தீர்ப்பின் உட்கிடை. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. பின்னர் இயற்றப்பட்ட பொலிசுக் கட்டளைச் சட்டம் முதலியன செல்லுபடியாவன. உடன்படிக்கை அவற்றைத் தடுக்கமாட்டாது என்றாயிற்று.

இங்கு இரு திறத்தாரையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். தேவாலயத்தார் கோரியது பழைமையான வழிபாட்டு வழக்கம். பள்ளிவாசலார் வேண்டியது அமைதியாகத் தொழும் உரிமை. இவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்கும் அடிப்படைச் சட்டமொன்று அன்று நாட்டில் இல்லை. அதிகாரியின் அனுமதிச் சீட்டே இருந்தது. அவ்வாண்டு மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட கலவரம் பல மாகாணங்களுக்கும் பரவி, முஸ்லிம்களின் கடைகளும் இல்லங்களும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அடக்குவதற்கென யூன் 2இல் பிரகடனஞ் செய்யப்பட்ட இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சிங்களவர் பலர் முறையான விசாரணையின்றியே உயிரிழந்தனர். அது குறித்துச் சட்டநிரூபண சபையிற் குரலெழுப்பியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவருடைய உரைகளைப் போற்றுவோர், உயிரும் உடைமையும் இழந்த முஸ்லிம்களின் துயரையும் உடன்வைத்து நினைத்தலே முறையாம்.

இத்தகைய பின்னணியிலேதான் சமஷ்டி என்னும் சொல் இலங்கை அரசியலிற் புகுந்தது. அதனை முதலில் உரைத்தோர் தமிழர் அல்லர் என்பது பலர்க்கு வியப்பாயிருக்கும். 1926இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா பத்திரிகைக் கட்டுரைகளிலும் யாழ்ப்பாணத்தில் ஆற்றிய உரையிலும் சுவிற்சர்லாந்தை எடுத்துக்காட்டிச் சமஷ்டியே இலங்கைக்கு உகந்ததென வாதித்தார். மறு ஆண்டில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபொழுது, கண்டித் தேசிய சபை அதனைக் கோரிக்கையாகவே முன்வைத்தது. கண்டி நாடு ஒன்று, கரைநாட்டுச் சிங்களப் பகுதி ஒன்று, வடக்கும் கிழக்குமாகிய தமிழ்ப்பகுதி ஒன்று என மூன்று உறுப்புக்கள் வேண்டுமென அச்சபையார் கேட்டனர்.

அவர்களின் மனக்குறை பொய்யன்று. பெருந்தோட்டங்களுக்காகக் கண்டிக் குடியானவரின் சேனை நிலங்களும் மேய்ச்சற் காடுகளும் முடிக்குரியனவென 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு கைமாறின. உத்தியோகமும் வணிகமும் ஆங்கிலக் கல்வியில் முந்திய கரைநாட்டார் கைக்குச் சென்றன. பிரதேசத் தொகுதிகள் வந்தபின் கண்டித் தொகுதிகளிலும் கரைநாட்டார் போட்டியிட்டு வென்றனர். பேரவையிற் பெரும்பான்மைக்குள் கரைந்துபோகும் சிறு சமுதாயம் தன் நிலத்தில் தானே ஆளவேண்டுமென விழைதல் இயல்பே. 1788இல் நியூயோர்க்கிலும் வேர்ஜீனியாவிலும் ஒலித்த குரலும் இதுவே.

ஆனால், மடவளையிலிருந்து வத்துகாமம் வழியாகப் பன்விலையை நோக்கிப் பாதையேறுவோன் ஒருவன் அம்மூன்று உறுப்புத் திட்டத்தைத் தன் கண்முன் வைத்துச் சோதித்தல் கூடும். வயலோரத்திலே கண்டிச் சிங்களவர் ஊர்கள். கடைத்தெருவிலே, கண்டி மன்னர் காலந்தொட்டு இம்மண்ணில் வேரூன்றிய, வீட்டிலே தமிழ் பேசும் முஸ்லிம்கள். மேலே தேயிலை மலைகளிலே தோட்டத் தமிழரின் லயன்கள். கண்டி நாடென்னும் உறுப்பு கண்டியரால் ஆளப்படுமாயின், ஏனைய இரு சாராரும் அதில் யார்? விருந்தினரா, குடிகளா? வடக்கும் கிழக்கும் தமிழர்க்கு என வகுத்த கோடு, மலைநாட்டுத் தமிழனைத் தமிழர் கணக்கிலும் சேர்க்கவில்லை, கண்டியர் கணக்கிலும் சேர்க்கவில்லை. தோட்டத் தொழிலாளர்க்கு வாக்குரிமை அளித்தலைக் கண்டித் தலைவர் கடுமையாக எதிர்த்தனர் என்பதையும் மறைத்தற்கில்லை. தாங்கள் சிறுபான்மையாய் நின்று கேட்ட நீதியைத் தங்கள் நடுவிலிருந்த சிறுபான்மையினர்க்கு அளிக்க அவர்கள் ஆயத்தமாயிருக்கவில்லை. மடிசன் அஞ்சியது இதனையே.

டொனமூர் ஆணைக்குழு சமஷ்டியை ஏற்கவில்லை. இனவாரிப் பிரதிநிதித்துவத்தையும் ஒழித்தது. வயது வந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்கிற்று. உரிமைப் பட்டயம் எதுவும் வழங்கவில்லை. தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை, எதிர்ப்பின் காரணமாக வாக்குரிமை நிபந்தனைக்குட்பட்டது: இலங்கையே நிலையான வதிவிடம் என நிறுவவேண்டும், அன்றேல் கல்வி, சொத்துத் தகைமை வேண்டும், அன்றேல் நிரந்தரமாகக் குடியேறியமைக்குச் சான்றிதழ் வேண்டும். எனினும் 1931இல் பெரி. சுந்தரமும் 1936இல் கோ. நடேசையரும் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றனர்.

சுதந்திரத்தை ஒட்டி வந்த சோல்பரி அரசியலமைப்பிலும் உரிமைப் பட்டயம் இல்லை. அதற்கு ஈடாக 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அமைந்தது. சமய வழிபாட்டைத் தடுக்கும் சட்டமோ, ஒரு சமூகத்தார்க்கு ஏனையோர்க்கில்லாத இடையூறு விளைக்கும் சட்டமோ, ஒரு சமூகத்தார்க்கு மட்டும் சலுகை அளிக்கும் சட்டமோ பாராளுமன்றம் இயற்றலாகாது. இயற்றின் அது செல்லாது. இக்காப்பு தனிமனிதனுக்கு மனிதன் என்ற முறையில் அளிக்கப்பட்டதன்று. ஒரு சமூகத்தின் உறுப்பினன் என்ற முறையிலேயே அளிக்கப்பட்டது. இவ்வேற்றுமை சிறிதாய்த் தோன்றும். அதன் பருமனைக் கேகாலை மாவட்டத்து வழக்கொன்று காட்டிற்று.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. மறு ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிற் பிறந்த ஒருவன், தன் தந்தையும் இங்கே பிறந்தவரென, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவரென நிறுவல் வேண்டும். லயன் அறையிற் பிறந்த பாட்டனின் பிறப்புப் பதிவுக்குத் தொழிலாளி எங்கே செல்வான்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், வதிவிடத்தைச் சான்றுகாட்டி விண்ணப்பிக்க வழி திறந்தது. அவ்வழியில் ஏறத்தாழ 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்கு விண்ணப்பங்கள் இடப்பட்டன. பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. அவ்வாண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் பிரஜைகளல்லாதாரின் வாக்குரிமையை நீக்கிற்று.

வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்க மறுத்ததை எதிர்த்துக் கோடகன் பிள்ளை என்பவர் வழக்காடினார். இச்சட்டங்கள் இந்தியத் தமிழ்ச் சமூகத்தையே தாக்குகின்றன. ஆதலின் 29ஆம் பிரிவின்படி செல்லா என்பது அவர் வாதம். உயர் நீதிமன்றம் 1951இல் ஏற்கவில்லை. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் மேன்முறையீட்டைத் தள்ளிற்று. தன் பிரஜைகள் யாவரெனத் தீர்மானிப்பது சட்டசபைக்கு இயல்பான பணியென்றது கழகம். நேரடியாகச் செய்யத்தகாததை மறைமுகமாகச் செய்யும் சட்டமும் செல்லாதென்னும் கொள்கையை அது ஒப்புக்கொண்டது. ஆயின், இச்சட்டங்கள் அத்தகையன என நிறுவப்படவில்லையென முடித்தது. சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் எழுதப்படவில்லை என்பதே அச்சட்டத்திற்குக் காப்பாயிற்று.

இவ்விடத்தில் வேறொரு செய்தியும் நினைவிற்கொள்ளத்தக்கது. 1946ஆம் ஆண்டின் விதிப்படி மாகாணத்தின் மக்கள்தொகையில் 75,000 பேர்க்கு ஒன்று, ஆயிரம் சதுரமைலுக்கு ஒன்று எனத் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. வாக்கில்லாத தொழிலாளரும் மக்கள்தொகையிற் சேர்ந்தவரே. எனவே 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் தலையெண்ணிக்கை மலைநாட்டுக்கு ஆசனங்களைத் தந்தது. அவ்வாசனங்களை நிரப்பியவர் பிறர். இலங்கை இந்திய காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. 1787இல் பிலதெல்பியாவில், அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கைத் தென்னிராச்சியங்களின் பிரதிநிதித்துவத்திற்குக் கணக்கிட்ட ஏற்பாட்டை இது நினைவூட்டும். அடிமையையும் கூலியையும் ஒன்றெனக் கூறல் மிகை. எனினும் கணக்கின் இயல்பு ஒன்றே. அமெரிக்கர் ஐந்தில் மூன்று பங்கோடு நின்றனர். இங்கு முழுத் தலையும் எண்ணப்பட்டது.

கண்டியர் கைவிட்ட சமஷ்டிக் கோரிக்கையை, பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்துப் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் 1949 திசெம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவி எடுத்துக்கொண்டனர். 1926இல் சமஷ்டியைப் போற்றிய பண்டாரநாயக்கா, பிரதமராகி 1957 யூலையில் அவரோடு செய்த பிரதேச சபை ஒப்பந்தம் மறு ஆண்டு ஏப்ரலில் முறிந்தது. அதனை எதிர்த்துக் கொழும்பிலிருந்து ஜே. ஆர். ஜயவர்த்தன நடத்திய, இம்புல்கொடையில் தடுக்கப்பட்ட யாத்திரை கண்டியையே நோக்கிப் புறப்பட்டது. முப்பதாண்டுகளுக்குள் கண்டியின் பெயர் சமஷ்டிக்குச் சான்றாயும் அதற்கு மாற்றாயும் நின்றமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

29ஆம் பிரிவின் எஞ்சிய வரலாறு சிறிது. அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சி இன்மையாற் சம்பள உயர்வு மறுக்கப்பட்டு, 1956ஆம் ஆண்டு மொழிச்சட்டம் செல்லாதென வழக்கிட்டார். மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவருக்குச் சார்பாயிற்று. மேல் நீதிமன்றங்களிலோ, அரச ஊழியன் சம்பளத்திற்கு வழக்கிடலாமா என்பதே பேசப்பட்டது. வழக்கிடலாமெனக் கோமறைக் கழகம் 1969இல் கூறி, மொழிச்சட்டம் பற்றிய வினாவைத் திருப்பி அனுப்பிற்று. விடை வருமுன் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு 29ஆம் பிரிவையே அகற்றிவிட்டது. அவ்வமைப்பை ஆக்கிய அரசியல் நிர்ணய சபையில் 1971 மார்ச்சில் வி. தர்மலிங்கம் கொணர்ந்த சமஷ்டித் திருத்தமும் ஏற்கப்படவில்லை. வியத்தகு முறையில், அடிப்படை உரிமைகள் என்னும் அத்தியாயம் இலங்கைக்கு முதன்முதல் வந்ததும், ஒற்றையாட்சி என்னும் சொல் எழுத்தில் ஏறியதும் அதே பத்திரத்திலேயாம். அமெரிக்கர் சமஷ்டியை முன்னும் பட்டயத்தைப் பின்னும் பெற்றனர்; இலங்கையர் பட்டயத்தைப் பெற்றபொழுது சமஷ்டியின் கதவு அடைக்கப்பட்டது.

1978ஆம் ஆண்டு அமைப்பு அவ்வுரிமைகளை விரித்து, மீறல் நேர்ந்து ஒரு திங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை நேரே அணுக வழிசெய்தது. 1987இல் பதின்மூன்றாந் திருத்தம் மாகாண சபைகளைத் தோற்றுவித்தது. அதனை ஆராய்ந்த ஒன்பது நீதியரசரும் ஒருமுகப்படவில்லை. ஐவர்க்கு நால்வர் எனப் பிரிந்தனர். சபைகள் ஒற்றையாட்சிக்குட்பட்டனவா என்பதே அங்கு எழுந்த பெருவினா. மாகாண சபை ஒன்று தன் எல்லைக்குள் வாழும் சிறுபான்மையினனை எவ்வாறு நடத்தும் என்னும் வினா அத்துணை உரத்து எழவில்லை.

நாடற்றவராக்கப்பட்டோர் பொருட்டு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் செய்யப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்க்கப்படுவர் என இரு அரசுகளும் மக்களைப் பங்கிட்டன. அம்மக்களை ஒருவரும் வினவவில்லை. 1974இல் எஞ்சியோரும் பாதிபாதியாய்ப் பிரிக்கப்பட்டனர். 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே 1964 ஒற்றோபர் 30 முதல் இலங்கையில் வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. 1948இல் லயன் அறையிற் பிறந்த குழந்தை அன்று ஐம்பத்தைந்து வயதை எட்டியிருந்தது.